சக்கர ஆணி முறிவும் அதனைச் செப்பனிடும் முறையும்

கட்டை வண்டியின் சக்கரத்தை அச்சில் நிறுத்துவது கடையாணி என்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வண்டி பூட்டுமுன் அதனைத் தட்டிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். டிராக்டர், டிரெய்லர், சரக்கு ஆட்டோ, கார் ஆகியவற்றிலும் அதே வேலையைச் செய்கிற ஆணிகள் உண்டு. பட்டறைக்காரர்கள் வீல் ஸ்டட் அல்லது வீல் போல்ட் என்று இவற்றை வழங்குகிறார்கள். கடையாணி கழன்றால் கண்ணுக்குத் தெரியும். ஸ்டட்டோ, நட்டின் உள்ளே மறைந்து முறிந்து, பல நாள் வெளிக்குத் தெரியாமலே இருத்தல் கூடும். ஆதலின் இதனைப்பற்றிச் சற்று விரிவாக எழுதுவது அவசியமாயிற்று.

மேடவாக்கத்தைச் சுற்றியுள்ள நிலக்காரர்களுக்கு இவ்விஷயம் மிகவும் பொருந்தும். வேளச்சேரி, தாம்பரம், சோழிங்கநல்லூர், மாம்பாக்கம் ஆகிய திசைகளிலிருந்து வரும் சாலைகள் இவ்வூரில் கூடுகின்றன. 2022இல் மேம்பாலம் முழுவதும் திறக்கப்பட்டபின் வண்டிகளின் வேகம் அதிகப்பட்டிருக்கிறது. தெற்கே மாம்பாக்கம் பக்கத்து வயல்களிலிருந்து நெல்லும் வைக்கோலும் எருவும் ஏற்றிவரும் டிரெய்லர்கள், பள்ளிப் பிள்ளைகளும் இருசக்கர வண்டிகளும் நெருங்கிச் செல்லும் இதே சாலையில்தான் போகவேண்டும். அவ்விடத்தில் ஒரு சக்கரம் கழன்று உருண்டால், அபாயம் வண்டிக்காரரோடு நிற்பதில்லை.

ஸ்டட் வேலை செய்யும் விதத்தை முதலில் அறிதல் நலம். வண்டியின் பாரத்தை ஆணிகளே குறுக்கே தாங்குகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீண்டு, ரப்பர்போல் மீள முயன்று, சக்கரத் தகட்டை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே பாரத்தைச் சுமக்கிறது. 12 மில்லிமீட்டர் ஸ்டட் ஒன்றை 100 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கினால், ஏறக்குறைய 4 டன் எடையை ஒத்த அழுத்தம் உண்டாகும். நான்கு ஸ்டட் உள்ள காரில் ஒன்று முறிந்தால், அழுத்தத்தில் கால் பங்கு போவதோடு, தகடு ஒரு பக்கம் தளர்ந்து ஆடவும் தொடங்கும்.

அவ்வாறு ஆடுவதே கேட்டின் மூலம். சக்கரம் ஒருமுறை சுற்றுந்தோறும் ஸ்டட் ஒருமுறை இப்புறமும் அப்புறமும் வளைகிறது. கம்பியைக் கையால் பலமுறை மடக்கி நிமிர்த்தினால் அது அறுவதுபோல், இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தோன்றி, நாளுக்கு நாள் உள்ளே சென்று, கடைசியில் திடீரென்று முறிகிறது. 1842ஆம் வருஷம் மே மாதத்தில் வெர்சாயிலிருந்து பாரிஸ் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு இவ்விதம் முறிந்து, 50 பேருக்கு மேல் மாண்டனர். பின்னர் ஜெர்மானிய எஞ்சினீயரான வோலர் என்பவர் ரயில் அச்சுகளைப் பல ஆண்டுகள் சோதித்து, ஒரே தடவையில் முறிக்கப் போதாத சிறு பாரமும் பன்முறை மாறிமாறித் தாக்கினால் இரும்பை முறிக்கும் என்பதை நிலைநாட்டினார். முறிந்த ஸ்டட்டின் முகத்தை உற்றுப் பார்த்தால் இவ்வரலாறு அதில் எழுதியிருக்கும். ஏரியில் நீர் வற்றும்போது கரையில் படியும் கோடுகளைப்போல் வளைகோடுகள் ஒரு புறமும், புதிதாய் முறிந்த சொரசொரப்பு மறுபுறமும் காணப்படும். கோடுகள் பெரும்பகுதியை அடைந்திருந்தால், அந்த ஸ்டட் நெடுநாளாக நோயுற்றிருந்தது என்று கொள்ளலாம்.

நட்டு தளருவதற்கு நம் பக்கத்தில் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சேற்றுழவுக்காக டிராக்டரில் கேஜ் வீல் மாட்டி, உழவு முடிந்ததும் கழற்றுகிறோம். சக்கர இடைவெளியை மாற்றவும் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவதுண்டு. சேறும் துருவும் படிந்த முகத்தின்மேல் சக்கரத்தை வைத்து முறுக்கினால், நட்டு அப்போது இறுகியதாகவே தோன்றும். இரண்டு நாள் ஓடியபின் சேறு நசுங்கி உதிர, இடைவெளி விழுந்து நட்டு தளரும். உழவு முடிந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு நட்டையும் திரும்பச் சோதிப்பதைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டும்.

மற்றொன்று நீர். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளில் வண்டிகள் வெள்ளத்தில் நின்றதை யாவரும் அறிவர். அவ்வாறு நனைந்த ஸ்டட்டின் புரிகளில் துரு ஏறி அரித்த குழிகளே பிற்காலத்தில் வெடிப்புக்கு வித்தாகும்.

முறிவு நேருமுன் சில அறிகுறிகள் தென்படும். நட்டின் அடியிலிருந்து செந்நிறத் துருக்கோடு வழிதல், சக்கரத் துளையைச் சுற்றி இரும்பு தேய்ந்து மினுக்குதல், மெதுவாகப் போகும்போது கடக் கடக்கென்று ஓசை, ஸ்டியரிங்கில் நடுக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே நிறுத்திப் பார்க்கவேண்டும்.

வழியில் ஸ்டட் முறிந்தது தெரிந்தால் செய்யவேண்டுவது யாது? பிரேக்கைச் சட்டென்று மிதியாமல் வேகத்தைத் தணித்து, சாலையோரம் கெட்டியான சமதரையில் நிறுத்தி, அபாய விளக்கை எரியவிட்டு, ஆட்களை இறக்கவேண்டும். பிறகு மீதமுள்ள நட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டட்டுகள் முறிந்திருந்தாலும், துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும், வண்டியை ஓர் அடியும் ஓட்டலாகாது. பட்டறைக்காரரை அழைத்துவரலாம், அல்லது வேறு வண்டியில் ஏற்றிச் செல்லலாம். நான்கே ஸ்டட் உள்ள சக்கரத்தில் ஒன்று முறிந்தாலும் அவ்வாறே செய்வது எமது அபிப்பிராயம். ஐந்தோ அதற்கு மேலோ உள்ளதில் ஒன்று மட்டும் முறிந்து, மற்றவை இறுக்கமாக இருப்பின், பாரம் முழுவதையும் இறக்கிவிட்டு, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மிகாமல், மேம்பாலத்தைத் தவிர்த்து, மிக அருகிலுள்ள பட்டறை வரையில் மட்டும் செல்லலாம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நட்டுகளைத் தொட்டுப் பார்க்கவேண்டும். நெல் நனையுமே என்று பாரத்தோடு இழுத்துச் செல்வது பெரும் பிழை. ஸ்டட் முறியாமல் நட்டு மட்டும் தொலைந்திருந்தால், அளவு ஒன்றாயுள்ள வேறொரு சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கடன் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதுவும் பட்டறை சேரும் வரைதான்.

பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்பதை அருகிருந்து கவனிப்பது நிலக்காரரின் கடமை. பெரும்பாலும் ஸ்டட்டின் தலைப்பக்கத்தில் பல்வரிகள் வெட்டி, ஹப்பின் பின்புறமிருந்து அதனை இறுக்கமாக ஏற்றியிருப்பார்கள். பிரேக் டிரம்மையோ டிஸ்க்கையோ கழற்றிப் பழையதை வெளியேற்றவேண்டும். பெரிய சம்மட்டியால் ஓங்கி அடித்தால் பேரிங் கெடும். அழுத்து யந்திரத்தால் தள்ளுவதே நல்லது. புதியதை வாஷர்கள் கோத்து நட்டைத் திருகி, தலை ஹப்பில் முழுதும் பதியும்வரை இழுத்து உட்காரச் செய்யலாம். முறிந்த துண்டோடு புதுத் துண்டை வெல்டிங் வைத்து ஒட்டித் தருவோர் உண்டு. ஸ்டட் பதப்படுத்தப்பட்ட எஃகினால் ஆனது. வெல்டிங் சூட்டில் அப்பதம் கெட்டு, ஒட்டிய இடத்தருகே கண்ணாடிபோல் நொறுங்கும். கூலி குறைவு என்று இதற்கு இணங்கலாகாது. முறிந்ததற்கு இருபுறமும் உள்ள ஸ்டட்டுகள் அதிகப் பாரம் சுமந்திருக்குமாதலால் அவற்றையும் மாற்றுவது உசிதம். இரண்டு முறிந்திருந்தால் அச்சக்கரத்தில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடவேண்டும்.

வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு எடுத்துச் செல்க. விட்டம் ஒன்றாயிருந்தும் புரியின் இடைவெளி வேறுபடும். மாருதி கார்களில் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 1.25 மில்லிமீட்டர் புரியிடையும், ஹூண்டாய் கார்களில் 1.5 மில்லிமீட்டரும் வழக்கம். ஒன்றின் நட்டை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் இரண்டும் கெடும். தொழில் ஊன்றிய நகரம் சென்னை. பாடியில் சுந்தரம் பாஸ்டனர்ஸ் தொழிற்சாலை 1966 முதல் ஆணி, திருகு வகைகளைச் செய்துவருகிறது. இத்தனை அருகில் நல்ல சரக்கு கிடைக்கும்போது, பெயரற்ற பொட்டலத்தை வாங்குவானேன்?

முடுக்கும் முறையும் முக்கியம். ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவும் வண்ணமும் போக்குக. கூம்பு நட்டாயின் கூம்புப் பக்கம் சக்கரத்தை நோக்கவேண்டும். கைப்புத்தகம் விதித்தாலன்றிப் புரியில் எண்ணெய் இடலாகாது. இட்டால் அதே முறுக்கில் கால் பங்குக்கு மேல் அதிக இழுப்பு ஏறும். சக்கரம் தூக்கியிருக்கும்போது எதிரெதிர் நட்டுகளாக லேசாகவும், தரையில் இறக்கியபின் அளவுகாட்டும் ஸ்பானரால் முழுதாகவும் முடுக்கவேண்டும். சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டர் அளவை ஒட்டியே விதித்திருப்பார்கள். 40 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் சுமார் 25 கிலோ பாரத்தால் இழுப்பது அதற்கு ஈடாகும். அதே கைப்பிடியின்மேல் 60 கிலோ எடையுள்ள ஆள் ஏறி நின்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலாகும். ஸ்டட் அப்போதே நீண்டு பலம் இழக்கும். காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி முறுக்கும் டயர் கடைகளிலும் இதே கேடு நேருகிறது. டிராக்டருக்கு அளவு மிகுதி. அதற்குரிய கைப்புத்தகத்தைப் பார்க்க. பழைய லாரிகள் சிலவற்றின் இடப்பக்கத்தில் இடப்புரி உண்டு. அதை அறியாமல் கழற்றப்போய் மேலும் இறுக்கி முறிப்பவர் உளர்.

குறையுள்ளதென்று அறிந்தோ, சாதாரணக் கவனத்தால் அறியக்கூடியதாயிருந்தும் அறியாமலோ, அபாயமான நிலையில் வண்டியை அல்லது டிரெய்லரை ஓட்டுவது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 190ஆவது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்தின்பின் அபராதம் 1,500 ரூபாய் வரை; காயமோ சேதமோ விளைந்தால் மூன்று மாதச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அறுவடைக்கு டிரெய்லர்கள் புறப்படும் பருவத்தில் கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடிகளுக்குத் தெரிவித்து, களத்துமேட்டிலேயே நட்டுகளைச் சோதிக்கச் செய்வது மிக்க உபகாரமாகும். ஸ்டட் மாற்றிய வண்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் அளவு ஸ்பானரால் பார்க்கவேண்டும். தத்தம் வண்டிக்குப் பொருந்திய இரண்டு ஸ்டட்டுகளும் நான்கு நட்டுகளும் கருவிப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.