காலேஜ்ல இருந்து நம்ம டேட்டா கசிஞ்சா, சட்டப்படி என்ன பண்ணலாம்?

சேவூர்ல இருந்து பேசறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்குதுன்னு சில பேர் எழுதியிருந்தீங்க. எங்க தெருவுல அது ராத்திரி வரைக்கும் ஓடும், நிறுத்த முடியாது. இது போன எபிசோடோட எழுத்து வடிவம். வளவளப்பைக் குறைச்சு, அதுக்கு அப்புறம் நீங்க அனுப்பின கேள்விகளுக்கான பதிலையும் சேர்த்திருக்கேன்.

முதல்லயே சொல்லிடறேன்: நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், வக்கீல் இல்லை. உங்க கேஸுக்கு முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாருங்க. இலவசமா எங்க பார்க்கலாம்னு கடைசியில சொல்றேன்.

விஷயத்துக்கு வருவோம். எங்க தெருவுல பட்டு நெய்யற ஒரு அக்காவுக்கு ஒரு போன் வந்தது. "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆயிருக்கு." பொண்ணோட பேர், காலேஜ், பதிவு எண், போன செமஸ்டர் மார்க், அப்பா பேர் எல்லாத்தையும் வரிசையா சொல்லியிருக்கான். அதனாலதான் நம்பினாங்க. வந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணாங்க, ₹14,000 போச்சு. புடவை நெய்து வாங்கின கூலிப் பணம். அந்த அக்கா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான்: "போன் பண்ணவன் திருடன், சரி. அவனுக்கு இதையெல்லாம் கொடுத்தது யாரு தம்பி? அவங்களை ஒண்ணும் கேட்க முடியாதா?"

இந்த எபிசோடு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இது புதுசா?

இல்லை. 2020 கேட் தேர்வு எழுதின சுமார் 1.9 லட்சம் பேரோட விவரம் வெளியில விற்பனைக்கு வந்திருக்குன்னு 2021-ல கிளவுட்செக் நிறுவனம் சொல்லுச்சு. பேர், பிறந்த தேதி, மொபைல் நம்பர், முகவரி, மார்க் எல்லாம் அதுல இருந்தது. அரசோட தீக்‌ஷா ஆப்ல சுமார் 6 லட்சம் மாணவர்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களோட டேட்டா பாதுகாப்பே இல்லாத ஒரு கிளவுட் சர்வர்ல கிடந்ததுன்னு 2023 ஜனவரியில செய்தி வந்தது.

ரெண்டாவதுல யாரும் பூட்டை உடைக்கலை. பூட்டே போடலை. பாஸ்வேர்டு இல்லாத ஸ்டோரேஜ், வாட்ஸ்ஆப் குரூப்ல சுத்தற எக்செல் ஷீட், ரிசல்ட் பக்கத்துல பதிவு எண்ணை மாத்தினா அடுத்தவன் மார்க் வர்றது. நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலான கசிவு இந்த மாதிரிதான்.

முதல் வேலை: போலீஸ், ஆதாரம்

பணம் போயிருந்தா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. பணம் ஒரு கணக்குல இருந்து அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள முடக்கினாதான் உண்டு. அங்க ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அப்புறம் தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் போடுங்க. புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், பிரிவு 173-படி எந்த ஊர் ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம். ஆன்லைன்ல அனுப்பினா 3 நாளைக்குள்ள போய் கையெழுத்துப் போடணும்.

ஆதாரத்தை இன்னைக்கே எடுத்து வைங்க: கால் பதிவு, மெசேஜ், பணம் போன ரசீது எண், கசிஞ்ச பக்கத்தோட முகவரி, தேதி தெரியற ஸ்கிரீன்ஷாட். ஆனா கசிஞ்ச ஃபைலை டவுன்லோடு பண்ணி நண்பர்களுக்கு அனுப்பாதீங்க. அதுல மத்தவங்க டேட்டாவும் இருக்கும், அப்புறம் நீங்களே பிரச்சனையில மாட்டுவீங்க.

இது திருடனைப் பிடிக்கிற வழி. அக்கா கேட்டது வேற.

ரெண்டாவது: எழுத்துல கேளுங்க

காலேஜ் ஆபீஸ்ல போய் வாய்ல கேட்டா "எங்ககிட்ட இருந்து போகலை"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. அதனால பதிவாளருக்கோ முதல்வருக்கோ பதிவுத் தபால்லயும் ஈமெயில்லயும் எழுதுங்க. என்னென்ன கசிஞ்சது, எப்ப தெரிய வந்தது, யார் யாருக்கு என்னோட டேட்டா கொடுத்திருக்கீங்க, செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் கொடுத்தீங்களா? 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, டேட்டா கசிவு தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். அரசு அமைப்புகளுக்கும் அது பொருந்தும்.

அரசுப் பல்கலைக்கழகமா இருந்தா ஆர்டிஐ போடலாம். ₹10 கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். தனியார் காலேஜா இருந்தா, அது எந்தப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சிருக்கோ அங்க கேளுங்க. பதில் வராட்டியும் நஷ்டமில்லை. "கேட்டேன், சொல்லலை"ங்கிறது பின்னாடி ஒரு ஆவணம்.

மூணாவது: இழப்பீடு தர்ற அதிகாரி

இது நிறைய பேருக்குத் தெரியாத கதவு. ஐடி சட்டம் 2000, பிரிவு 46-படி ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரு தீர்ப்பு அதிகாரி இருக்கார். அந்த மாநிலத்தோட ஐடி துறைச் செயலர்தான் அவர். ₹5 கோடி வரைக்குமான இழப்பீட்டுக் கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். 6 மாசத்துக்குள்ள முடிக்கணும்னு விதி சொல்லுது. கட்டணம் கேட்கிற தொகையைப் பொறுத்தது. ₹50,000 கேட்டா சுமார் ₹3,000.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வங்கி பேர்ல வந்த போலி ஈமெயிலை நம்பிப் பணத்தை இழந்த ஒருத்தர் தமிழ்நாடு தீர்ப்பு அதிகாரிகிட்ட போனார். வாடிக்கையாளர்தான் அஜாக்கிரதையா இருந்தார்னு ஐசிஐசிஐ வங்கி வாதாடுச்சு. 2010 ஏப்ரல்ல, வங்கி ₹12.85 லட்சம் தரணும்னு உத்தரவு வந்தது. வங்கி மேல்முறையீடு போச்சு. 2019-ல டிடிசாட் தீர்ப்பாயமும் வாடிக்கையாளர் பக்கம்தான் நின்னது. ஜெயிச்சார், ஆனா முடிய ஒன்பது வருஷம் ஆச்சு. ரெண்டையும் மனசுல வைங்க.

டேட்டாவைச் சரியா பாதுகாக்காத நிறுவனத்தைக் கேட்க அதே சட்டத்துல பிரிவு 43ஏ இருக்கு. அதுல மூணு முடிச்சு.

ஒண்ணு, அது "உணர்திறன் மிக்க" டேட்டாவா இருக்கணும். பாஸ்வேர்டு, வங்கி விவரம், மருத்துவப் பதிவு, கைரேகை மாதிரியானவை 2011 விதிகளோட பட்டியல்ல இருக்கு. மொபைல் நம்பர், மார்க், முகவரி இல்லை. அக்கா பொண்ணோட கேஸ்ல கசிஞ்சது எல்லாமே பட்டியலுக்கு வெளியில இருக்கிறதுதான்.

ரெண்டு, வணிகமோ தொழில்முறை வேலையோ செய்யற அமைப்புக்குத்தான் இந்தப் பிரிவு. டிரஸ்ட் நடத்தற தனியார் காலேஜை இதுக்குள்ள கொண்டுவர வாதாடலாம். சட்டம் போட்டு உருவாக்கின அரசுப் பல்கலைக்கழகத்தைக் கொண்டுவர்றது கஷ்டம்.

மூணு, கசிஞ்சதாலதான் நஷ்டம்னு காட்டணும். உங்க மொபைல் நம்பர் காலேஜ்லயும் இருக்கு, கோச்சிங் சென்டர்லயும் இருக்கு, கவுன்சிலிங்குக்குப் போன பிரவுசிங் சென்டர்லயும் இருக்கு. ஆனா பதிவு எண்ணும் செமஸ்டர் மார்க்கும் எத்தனை இடத்துல சேர்ந்து இருக்கும்? போன் பண்ணவன் என்னென்ன சொன்னான்னு வரி வரியா எழுதி வைக்கச் சொல்றது இதுக்குத்தான். அந்தச் சேர்க்கைதான் டேட்டா எங்கிருந்து போச்சுன்னு காட்டும்.

நாலாவது: உயர்நீதிமன்றம்

43ஏ வேலை செய்யாத இடத்துல அரசியலமைப்பு வேலை செய்யலாம். தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24 அன்னைக்கு புட்டசாமி வழக்குல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் சொன்னாங்க. அரசுப் பல்கலைக்கழகமும் அரசோட அங்கம்தான். அதனால பிரிவு 226-ன் கீழ ரிட் மனு போடலாம்.

இதுக்கு நம்ம மாநிலத்துலயே ஒரு முன்னுதாரணம் இருக்கு. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருத்தர் பாலியல் வன்முறை குறித்துப் புகார் கொடுத்தப்ப, அவரோட அடையாளம் இருந்த எஃப்ஐஆர் போலீஸ் இணையதளம் வழியா வெளியே வந்துடுச்சு. இங்க கசியவிட்டது பல்கலைக்கழகம் இல்லை, காவல்துறை அமைப்பு. டிசம்பர் 28 அன்னைக்கு சென்னை உயர்நீதிமன்றம் மூணு பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைச்சது. எஃப்ஐஆர் கசிஞ்சதுக்காக அந்த மாணவிக்கு அரசு ₹25 லட்சம் இடைக்கால இழப்பீடு தரணும்னும் உத்தரவு போட்டது. தொழில்நுட்பக் கோளாறுன்னு விளக்கம் சொல்லப்பட்டும்தான் இந்த உத்தரவு.

மார்க் ஷீட் கசிஞ்சா ₹25 லட்சம் கிடைக்கும்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அது மிகக் கடுமையான பாதிப்பு. ஆனா டேட்டா கசிவுக்கு அரசே பணம் தரணும்னு நீதிமன்றம் சொல்ல முடியும், சில நாள்லயே சொல்ல முடியும்ங்கிறது அதுல உறுதியாச்சு.

நுகர்வோர் கோர்ட்?

நிறைய பேர் கேட்டது. சுருக்கமா: நம்ப வேண்டாம். மாணவர் நுகர்வோர் இல்லைன்னு 2010-ல மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சேலம் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்குல 2020-ல தேசிய நுகர்வோர் ஆணையமும் அதே பக்கம்தான். கோச்சிங் சென்டருக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருக்கு.

புதுச் சட்டம் கொடுக்கறதும் எடுக்கறதும்

2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு. முக்கியமான கடமைகள் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம் அமலுக்கு வரும். அப்புறம் கசிவு நடந்தா, பாதிக்கப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் நிறுவனமே சொல்லணும். மொபைல் நம்பர், மார்க் எல்லாமே இதுக்குள்ள வரும். பாதுகாப்பு சரியில்லைன்னா ₹250 கோடி வரைக்கும் அபராதம். கேட்க நல்லா இருக்கு இல்லையா?

அந்த அபராதம் முழுக்க மத்திய அரசு கஜானாவுக்குப் போகும். டேட்டா போனவருக்கு ஒரு ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் இந்தச் சட்டத்துல வழி இல்லை. அதோட, இது முழுசா அமலுக்கு வர்றப்ப பழைய பிரிவு 43ஏ நீக்கப்படும். உரிமை அகலமாகுது, பணம் கேட்கிற கதவு சாத்தப்படுது.

ஐரோப்பாவுல படிக்கப் போறவங்க கவனிங்க, அங்க நேரெதிர். ஜிடிபிஆர் பிரிவு 82-படி பாதிக்கப்பட்டவரே இழப்பீடு கேட்கலாம். பல்கேரிய வரித் துறை கசிவு வழக்குல, டேட்டா தவறா பயன்படுமோங்கிற பயமே ஒரு பாதிப்பா இருக்க முடியும்னு 2023 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லுச்சு.

அப்போ, வரிசை என்ன?

பணம் போயிருந்தா 1930, அப்புறம் புகார். அதே வாரத்துல நிறுவனத்துக்கு எழுத்துல கேள்வி, அரசுப் பல்கலைக்கழகம்னா ஆர்டிஐ. வங்கி விவரமோ பாஸ்வேர்டோ கசிஞ்சு நஷ்டம் ஆகியிருந்தா தீர்ப்பு அதிகாரிகிட்ட மனு. 43ஏ நம்பிப் போறவங்க 2027 மே வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. கசியவிட்டது அரசு அமைப்பா இருந்து பாதிப்பும் பெருசா இருந்தா உயர்நீதிமன்றம். ஒரே வகுப்புல பத்து பேர் பாதிக்கப்பட்டிருந்தா பத்து பேரோட கால் விவரத்தையும் ஒரே தாள்ல தொகுங்க. எல்லார்கிட்டயும் அதே பதிவு எண், அதே மார்க் சொல்லியிருந்தா, தனித்தனியா இருக்கிறதைவிட அது ரொம்ப வலுவான ஆதாரம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிறுத்தாதீங்க. சட்டப் பணிகள் ஆணையத்துல பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100. தாலுகா கோர்ட் வளாகத்துலயே அவங்க குழு இருக்கும்.

அக்கா கேள்விக்கு என் பதில் இதுதான்: கேட்க முடியும். ஆனா யாரைக் கேட்கிறோம், எந்த டேட்டாவுக்குக் கேட்கிறோம், எப்ப கேட்கிறோம்ங்கிறதைப் பொறுத்து வழி மாறும். அடுத்த எபிசோடுல, ஒரு காலேஜ் தன்னோட ரிசல்ட் பக்கத்தை எப்படி ஒழுங்கா கட்டணும்னு பேசலாம். ஸ்டூடண்ட் டெவலப்பர்கள் கட்டாயம் கேளுங்க.