நிட்டிங் மிஷினுக்கு எந்தச் சிப்?

திருப்பூரின் நிட்டிங் யூனிட்டுகளில் சர்க்குலர் மிஷின் ஒரு முறை சுற்றி வந்தால் கவுன்ட்டரில் ஓர் எண் கூடும். குறித்து வைத்த எண் வந்ததும் மிஷின் நிற்கும். துணியை அறுத்து ரோலை இறக்குவார்கள். மைக்ரோகன்ட்ரோலர் கற்கும் இளைஞர் யாராவது அவிநாசியிலோ பல்லடத்திலோ இருந்தால், முதலில் செய்து பார்க்கத் தகுந்த கருவி இந்தக் கவுன்ட்டர்தான். எல்.இ.டி.யை மின்ன வைப்பதில் கிடைக்காத பாடங்கள் இதில் கிடைக்கும். ஆனால் சிப் வாங்கும்போதே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ஆர்டுயினோவா, பிக்கா, எஸ்.டி.எம்.32-ஆ, இ.எஸ்.பி.32-ஆ, ராஸ்பெர்ரி பை பிக்கோவா?

பலரும் முதலில் வேகத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஆர்டுயினோ உனோவில் இருக்கும் ஏ.டி.மெகா328பி 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இ.எஸ்.பி.32-க்கு 240 வரை போகும் இரண்டு கோர்கள் உண்டு. மிஷின் பக்கம் வந்து கணக்குப் போட்டால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 2.4 விநாடி. அதற்குள் அந்தப் பழைய 8 பிட் ஏ.டி.மெகாவின் கடிகாரம் சுமார் 3 கோடியே 84 லட்சம் முறை துடித்திருக்கும். சுற்றை விட்டுவிட்டு ஊசிகளையே எண்ண நினைத்தாலும் சிரமமில்லை. 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் மிஷினில் ஏறக்குறைய 2,260 ஊசிகள். விநாடிக்கு 940 சொச்சம் ஊசிகள் சென்சாரைக் கடக்கும். ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே அந்தச் சிப்புக்கு 17,000 துடிப்பு அவகாசம் இருக்கிறது.

வேகத்தை விட வோல்டேஜ் முக்கியம். மிஷின்களில் இருக்கும் பிராக்ஸிமிட்டி சென்சார் பெரும்பாலும் 24 வோல்ட். எந்தச் சிப்பானாலும் நடுவில் பி.சி.817 போன்ற ஆப்டோகப்ளர் வேண்டும். அதைத் தாண்டியபின் ஏ.டி.மெகாவும் பிக்16எஃப்877ஏ-வும் 5 வோல்ட்டில் வேலை செய்யும், இ.எஸ்.பி.32, பிக்கோ இரண்டுக்கும் 3.3 வோல்ட்தான். அவற்றின் பின்னில் தவறி 5 வோல்ட் பட்டால் சிப் கெடலாம். எஸ்.டி.எம்.32எஃப்103-இன் பல பின்கள் மட்டும் 5 வோல்ட்டைத் தாங்கும். மோட்டாரை ஓட்டும் டிரைவ்கள் கிளப்பும் மின் இரைச்சலுக்கு நடுவே, நீளமான ஒயரில் வரும் சிக்னலைப் பிரித்தறிய 5 வோல்ட் சிப்புக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது.

உண்மையான சோதனை கரண்ட் போகும்போதுதான். ரோல் பாதியில் நிற்கும். கரண்ட் வந்ததும் கவுன்ட்டர் பூஜ்ஜியம் காட்டினால் அந்த ரோலின் கணக்கே போச்சு. எண்ணைச் சிப்பில் உள்ள, கரண்ட் போனாலும் அழியாத மெமரியான இ.இ.ப்ராமில் எழுதிவைப்பதுதான் வழி. ஏ.டி.மெகாவில் 1,024 பைட் இ.இ.ப்ராம் உண்டு; ஆனால் ஓரிடத்தில் 1 லட்சம் முறை எழுதுவதற்குத்தான் உத்தரவாதம். ஒவ்வொரு சுற்றுக்கும் எழுதினால் மணிக்கு 1,500 முறை ஆகிவிடும். ராப்பகலாக ஓடும் மிஷினில் மூன்று நாள் முடியும் முன்பே அந்த 1 லட்சம் தீர்ந்துவிடும்! இந்த ஓர் இடத்தில் கல்லூரி லேபில் பழகிய பழைய பிக்16எஃப்877ஏ முந்திக்கொள்கிறது: இடம் 256 பைட்தான், ஆனால் பொதுவாக 10 லட்சம் முறை எழுதலாம் என்கிறது அதன் டேட்டாஷீட். பிக்கோவின் ஆர்.பி.2040-க்கோ இ.எஸ்.பி.32-க்கோ இ.இ.ப்ராமே கிடையாது, ஃபிளாஷ் மெமரியில்தான் சமாளிக்க வேண்டும்.

நல்ல தீர்வு வேறு. 24 வோல்ட் சரியத் தொடங்குவதைச் சிப் கவனித்து, அந்தக் கணத்தில் மட்டும் எழுத வேண்டும். ஏ.டி.மெகாவுக்கு ஒரு பைட் எழுத 3.4 மில்லிவிநாடி போதும். நான்கு பைட்டுக்கு 14. சர்க்யூட் 50 மில்லிஆம்பியர் இழுத்தால், ஒரு டயோடும் 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 20 மில்லிவிநாடி தாக்குப்பிடிக்க வைக்கும். நாளைக்குப் பத்து முறை கரண்ட் போனாலும் அந்த 1 லட்சம் தீர 27 வருடம் ஆகும்.

சிப்புக்குப் புரோகிராம் எழுதும் வசதியையும் பார்க்க வேண்டும். 2005-இல் இத்தாலியின் இவ்ரியாவில் பிறந்த ஆர்டுயினோவுக்கு ஒரு யு.எஸ்.பி. கேபிள் போதும். பிக் சிப்புக்குத் தனி புரோகிராமர் வாங்க வேண்டும். மலிவான ‘புளூ பில்’ எஸ்.டி.எம். போர்டுகளில் நகல் சிப்புகள் நடமாடுகின்றன. முதல் போர்டாக அதை வாங்காமல் இருப்பது நல்லது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ரிஸ்க்-ஃபைவ் வகை தேஜஸ்32-ஐக் கொண்ட ஏரீஸ் போர்டும் ஆர்டுயினோ மென்பொருளிலேயே எழுத இடம் தருகிறது. நம் நாட்டுச் சிப்பைக் கையில் எடுத்துப் பழக இது அருமையான வாய்ப்பு. கல்லூரி லேப்கள் பழைய 8051 சிப்பைத் தாண்டி இதையும் வாங்கி வைக்க வேண்டும்.

ஆக, எண்ணும் வேலைக்கு ஏ.டி.மெகா. ரோல் கணக்கு ஓனரின் போனுக்குப் போக வேண்டுமென்றால் வைஃபை உள்ள இ.எஸ்.பி.32-ஐத் தபால்காரராகப் பக்கத்தில் வைக்கலாம். ஏ.டி.மெகாவின் டி.எக்ஸ். ஒயரை 10 கிலோஓம், 20 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வழியே இறக்கினால் 5 வோல்ட் 3.3 ஆகி இ.எஸ்.பி.யைச் சேரும். ஷெட்டில் வைஃபை அறுந்தாலும் எண்ணிக்கை தொடரும். தொடர்பு திரும்பியதும் விட்ட கணக்கை அனுப்பிக்கொள்ளலாம்.