மனநோய் சிகிச்சை: கனடாவை முந்திய சென்னை குடும்பங்கள்!

சென்னை,

மனநோய் தாக்கிய இளைஞர்களுக்கு ஆரம்பத்திலேயே கொடுக்கும் சிகிச்சையில், பணக்கார நாடான கனடாவை சில விஷயங்களில் சென்னை முந்தி இருக்கிறது. இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி சிகிச்சைதான். ஆனால் இங்கே கூடவே அம்மாவும் அப்பாவும் வந்தார்கள்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கதவை சாத்திய பையன்

நேற்று வரை பஸ் படியில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போன பையன். திடீரென்று அறைக்கதவை சாத்திக்கொள்கிறான். ஆள் இல்லாத இடத்தில் பேசுகிறான். "பக்கத்து வீட்டுக்காரன் சோத்துல மருந்து வச்சிட்டான்" என்கிறான். டி.வி.யில் தன்னைப்பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அலறுகிறான். டாக்டர்கள் இதை சைக்கோசிஸ் என்பார்கள். பெரும்பாலும் வாலிப வயதில்தான் தலைகாட்டும். சினிமாவில் கத்தியோடு திரியும் "சைக்கோ" வேறு, இது வேறு.

வீட்டில் என்ன செய்கிறார்கள்? "காதல் தோல்வி" என்பார் மாமா. "காத்து கருப்பு" என்பாள் பாட்டி. தாயத்து, ஜாதகம், மந்திரிப்பு. "ஒரு கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்" என்று ஒருவர் கிளப்பி விடுவார். "கீழ்ப்பாக்கம்" என்ற பெயரை எடுத்தாலே தெருவில் கேலி. அந்த பயத்தில் மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 404 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் பாதிப்பேர் 74 வாரமோ அதற்கு மேலோ சரியான சிகிச்சை இல்லாமல் கிடந்தவர்கள்! சீக்கிரம் வந்தவர்களுக்கே புது சிகிச்சை கூடுதல் பலன் தந்தது.

நூற்றுக்கு ஒருவர்தான்

சென்னை அண்ணாநகரில் உள்ள "ஸ்கார்ப்" மனநல அமைப்பு, டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கியது. இந்த அமைப்பும் கனடாவின் மான்ட்ரியல் நகர மனநல மையமும் சேர்ந்து ஒரு கணக்கு போட்டன. சென்னையில் 168 பேர், மான்ட்ரியலில் 165 பேர். எல்லோரும் நோய் முதல் தடவை தாக்கியவர்கள். மருந்து, கவனித்துக்கொள்ள தனியாக ஒரு ஊழியர், குடும்பத்துக்கு ஆலோசனை. இப்படி 2 வருடம்.

2020-ல் முடிவு வந்தது. மான்ட்ரியலில் நூற்றுக்கு 19 பேர் சிகிச்சையை பாதியில் விட்டுவிட்டார்கள். சென்னையில் விட்டது நூற்றுக்கு ஒருவர்தான்!

காதில் குரல், வீண் சந்தேகம் இவை தணிந்ததில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த நோயில் இன்னொரு கொடுமை உண்டு. சிரிப்பு, பேச்சு, ஆசை எல்லாமே வற்றிப்போய் மனிதன் மரக்கட்டையாகி விடுவான். அதிலிருந்து மீண்டவர்கள் சென்னையில் அதிகம். குடும்பத்தின் துணை இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

கனடா டாக்டர்கள் திறமையில் சளைத்தவர்கள் இல்லை. அங்கே பையன் தனியாக இருப்பான். அம்மாவிடம் பேசவே அவன் சம்மதம் வேண்டும். இங்கேயோ டாக்டர் கூப்பிடும் முன்பே டிபன் பாக்சோடு அம்மா உள்ளே உட்கார்ந்திருப்பாள். அந்த அம்மாவை யார் கவனிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அவள் லீவு போட்டால் சம்பளம் போகும்.

2 வருடத்தோடு நிறுத்தினால்?

டென்மார்க்கில் 547 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்கு இதேபோல் 2 வருடம் சிகிச்சை கொடுத்தார்கள். நல்ல பலன். பிறகு சாதாரண சிகிச்சைக்கு மாற்றினார்கள். 5-வது வருடம் பார்த்தால், கிடைத்த பலனில் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது! சீக்கிரம் தொடங்கினால் மட்டும் போதாது, சட்டென்று கைவிடவும் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

இங்கிலாந்தில் 2016-ல் கெடு வைத்தார்கள். முதல்முறை நோய் கண்டவர்களில் பாதிப்பேருக்காவது 2 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். பிறகு நூற்றுக்கு 60 பேர் என்று உயர்த்தினார்கள். நம் நாட்டில் அப்படி கெடு எதுவும் கிடையாது. 2001 ஆகஸ்டு 6-ந்தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போடப்பட்டவர்கள் 28 பேர் தீயில் கருகினார்கள். 2017-ம் ஆண்டு சட்டம், மனநோயாளியை சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் தடை செய்கிறது. சிகிச்சை பெறுவது உரிமை என்றும் சொல்கிறது. சட்டம் சரி, வீட்டு வாசல் வரை யார் வருவது?

வீட்டுப் பிள்ளையிடம் இந்த அறிகுறிகள் தெரிந்தால் அரசு ஆஸ்பத்திரி மனநல பிரிவுக்கு அழைத்துப் போகலாம். போகத் தயக்கமாக இருந்தால், 2022-ல் தொடங்கிய "டெலி மானஸ்" இலவச போன் நம்பர் 14416. ராத்திரி பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.