தொட்டிலுக்கு வந்த கேமரா

விளாங்குடி!

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், வைகைக்கு வடக்கே இருக்கும் ஊர். ஒரு காலத்தில் வயலும் கண்மாயுமாக இருந்த கிராமம். 2011-ம் ஆண்டு மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது தெருவுக்குத் தெரு மாடி வீடு.

அங்கே ஒரு வீட்டில் வளைகாப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் கோலம். கூடத்தில் மனை. மனையில் கர்ப்பிணிப் பெண். கன்னத்திலும் கையிலும் சந்தனம். தலை நிறைய மதுரை மல்லி. முதலில் வேப்பிலைக் காப்பு. பிறகு கை நிறையக் கண்ணாடி வளையல்.

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்க்கிறார்கள். அவள் யாரைப் பார்க்கிறாள்?

போட்டோக்காரரைப் பார்க்கிறாள்!

"அக்கா, வளையலைக் கொஞ்சம் ஆட்டுங்க! அண்ணே, நீங்க அக்கா பக்கத்துல வாங்க!" என்கிறார் அவர். கணவர் வெட்கத்தோடு வந்து உட்காருகிறார்.

மூலையில் பாட்டி முணுமுணுக்கிறாள்:

"எங்க காலத்துல மாசமா இருக்கிற பொண்ணைப் படமே புடிக்க விடமாட்டாக!"

பாட்டி சொல்வது பல வீடுகளில் நடந்ததுதான்.

ஆயுள் குறையுமா?

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அன்று பலர் நம்பினார்கள். கர்ப்பிணியைப் படம் எடுத்தால் கண்ணேறு படும் என்றார்கள். தூங்கும் பிள்ளையை ரசித்துப் பார்க்கவே கூடாது என்றார்கள். அப்படியிருக்க, படம் எடுக்க விடுவார்களா?

படத்தால் ஆயுள் குறையாது. அந்தப் பயம் வீண் பயம். ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு நல்ல எண்ணம் இருந்தது. "தாயையும் பிள்ளையையும் பத்திரமாக வைத்துக்கொள்" என்பதுதான் அது.

பயம் போகட்டும். பத்திரம் போகக் கூடாது!

துணிக்குள் ஒளிந்த தாய்

படம் பிடிக்கும் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பிரான்சு நாட்டைச் சேர்ந்த டாகுவேர் என்பவரின் முறை அது.

அந்தக் காலத்துக் கேமராவுக்குப் பொறுமை அதிகம். கண் சிமிட்டும் நேரத்தில் படம் விழாது. பல வினாடிகள் ஆகும். அதுவரை ஆள் அசையக் கூடாது. அசைந்தால் முகம் புகை போல் கலைந்துவிடும்! அதனால் ஸ்டுடியோக்களில் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துத் தலையை நிறுத்தினார்கள்.

பெரியவர்களை அப்படி நிறுத்தலாம். கைப்பிள்ளையை நிறுத்த முடியுமா?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தாயை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் தலை மேல் துணியைப் போட்டு மூடினார்கள். அவள் மடியில் பிள்ளையை வைத்தார்கள். துணிக்குள்ளிருந்து தாய் பிள்ளையை இறுகப் பிடித்துக்கொள்வாள். படத்தில் பிள்ளை மட்டும் தெரியும். தாய் வெறும் துணியாகத் தெரிவாள்!

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த இத்தகைய படங்கள் இன்றும் இருக்கின்றன. பிள்ளையின் முகம் இருக்கிறது. தாயின் முகம் இல்லை.

மதுரைக்கும் கேமரா அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி வந்தார். மீனாட்சி அம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் பிடித்தார். அவருக்கு வேண்டியது கல்லும் தூணும். அவை அசையாது அல்லவா!

கண்ணாடியில் ஜடை

பிறகு ஊர் ஊராக ஸ்டுடியோக்கள் வந்தன. கர்ப்பிணியைப் படம் எடுக்கப் பயந்த வீடுகளும் இருந்தன. ஆசையோடு அழைத்துப் போன வீடுகளும் இருந்தன.

ஜடை முழுவதும் பூ வைத்துத் தைத்த பெண்ணைக் கண்ணாடி முன் நிறுத்துவார்கள். ஒரே படத்தில் முகமும் தெரியும். முதுகில் தொங்கும் பூ ஜடையும் தெரியும்! உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம்.

பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, தலை தூக்கிப் பார்க்கும்போது ஒரு படம். முதல் மொட்டைக்கு முன்னால், ஆண் பிள்ளைக்கும் ஜடை போட்டு, பொட்டு வைத்து ஒரு படம். அதோடு சரி.

வெளிநாட்டில் 1991-ல் ஒரு படம் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. டெமி மூர் என்ற ஹாலிவுட் நடிகை அப்போது 7 மாதக் கர்ப்பிணி. உடையில்லாமல், வயிற்றைக் கையால் அணைத்தபடி நின்றார். ஆனி லீபோவிட்ஸ் என்ற பெண் அவரைப் படம் எடுத்தார். 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகையின் அட்டையில் அது வந்தது. சில கடைகளில் அந்தப் பத்திரிகையை உறை போட்டு மறைத்து விற்றார்கள்!

1996-ல் ஆனி கெடஸ் என்ற பெண்மணி கைக்குழந்தைகளைப் பூக்களைப் போலவும் பூச்சிகளைப் போலவும் அலங்கரித்துப் படம் எடுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த மோகம் உலகம் எங்கும் பரவியது. இன்று மதுரையிலும் பிறந்த பிள்ளையைக் கூடையில் படுக்க வைத்துப் படம் எடுக்கிறார்கள்.

அழிக்கப்பட்ட கை

பிறந்த 5 நாள் முதல் 14 நாள் வரை உள்ள பிள்ளைகளைத்தான் இப்படி எடுக்க விரும்புகிறார்கள். காரணம் என்ன? அந்த நாட்களில் பிள்ளை அதிக நேரம் தூங்கும். வயிற்றுக்குள் இருந்தது போலவே சுருண்டு படுக்கும்.

ஒரு படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிறந்த பிள்ளை கன்னத்தில் இரண்டு கைகளையும் வைத்து, தலையை நிமிர்த்தி, பெரிய மனிதர் போல் தூங்கும்!

அது எப்படி முடியும்? பிறந்த பிள்ளைக்குத் தலை நிற்காதே!

முடியாது. அது ஒரு படம் அல்ல, இரண்டு படம்! முதல் படத்தில் ஒருவர் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டாவது படத்தில் கைகளைப் பிடித்துக்கொள்கிறார். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்து, பிடித்த கையை அழித்துவிடுகிறார்கள். படம் எடுக்கும்போது பிள்ளை ஒரு நொடிகூடத் தனியாக விடப்படவில்லை.

இது தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? செல்போனில் படத்தைப் பார்க்கிறார்கள். "நம்ம பிள்ளையையும் இப்படி எடுப்போம்" என்று தலையை நிமிர்த்தி வைக்கிறார்கள். இது ஆபத்து! கழுத்து மடங்கினால் மூச்சு தடைபடும். கூடை கவிழ்ந்தால் பிள்ளை விழும்.

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்:

பிள்ளை மீது எப்போதும் ஒருவர் கை இருக்கட்டும். கை படத்தில் தெரிந்தால் தெரியட்டும். பாட்டியின் சுருங்கிய கையில் பேரனின் பிஞ்சுத் தலை! அதைவிட அழகான படம் உண்டா?

அறை வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஏ.சி.யும் மின்விசிறியும் வேண்டாம். பிறந்த பிள்ளையின் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

தொடுகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இருமல், சளி உள்ளவர்கள் அருகில் வர வேண்டாம்.

மூக்கையும் வாயையும் எந்தத் துணியும் மூடக் கூடாது. மேலே எதையும் தொங்கவிட வேண்டாம்.

ஜன்னல் வெளிச்சமே போதும். சாதாரண பிளாஷ் வெளிச்சம் பிள்ளையின் கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் முகத்தருகே கொண்டுபோய் அடிக்க வேண்டாம், பிள்ளை திடுக்கிடும்.

பிள்ளை அழுதால் கேமராவைக் கீழே வையுங்கள். பாலுக்கு அழுதால் பால். தூக்கத்துக்கு அழுதால் தாலாட்டு. படம் காத்திருக்கும்!

தாய்க்கும் இப்படித்தான். பெரும்பாலும் 7-ம், 8-ம் மாதத்தில் படம் எடுக்கிறார்கள். அந்த மாதங்களில் வெகு நேரம் மல்லாந்து படுக்கக் கூடாது. வயிற்றின் பாரம் உள்ளே இருக்கும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், மயக்கம் வரும். பாறை மீது ஏறுவதும், பாசி பிடித்த படித்துறையில் நிற்பதும் வேண்டாம். மதுரை வெயிலில் நண்பகலில் நிற்க வைக்கவும் வேண்டாம். காலையிலோ மாலையிலோ எடுத்தால் வெளிச்சமும் அழகாக இருக்கும், தாயும் வாடமாட்டாள்.

ஆணா? பெண்ணா?

வெளிநாட்டில் இன்னொரு விழா இருக்கிறது. பலூனை உடைப்பார்கள். உள்ளே இருந்து நீலப்பொடி கொட்டினால் ஆண். ரோஜாநிறப் பொடி கொட்டினால் பெண். அதையும் படம் பிடிப்பார்கள்.

நம் நாட்டில் இது கூடாது! வயிற்றில் இருக்கும் பிள்ளை ஆணா, பெண்ணா என்று கண்டு சொல்வதை 1994-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு.

2024-ல் சென்னையைச் சேர்ந்த யூடியூப் பிரபலம் ஒருவர், துபாயில் இந்தச் சோதனையைச் செய்துகொண்டு வந்தார். இங்கே விழா வைத்து, அதை வீடியோவாக வெளியிட்டார். சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை நீக்கி, மன்னிப்புக் கேட்டார். சில மாதங்களில் அவர் பிரசவ அறைக்குள் தொப்புள்கொடி வெட்டும் காட்சி வெளியானது. அப்போது அந்த மருத்துவமனை மீதும் நடவடிக்கை பாய்ந்தது.

"ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா?" என்று கேட்கலாம்.

விளாங்குடிக்காரர்களுக்குக் காரணம் தெரியும். மேற்கே உசிலம்பட்டி. 1980-களில் அந்தப் பகுதியில் பெண் சிசுக்களைக் கொல்வது பற்றிய செய்தி நாட்டையே உலுக்கியது. அதைத் தடுக்கத்தான் 1992-ல் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பெண் என்று தெரிந்ததால் உயிர் இழந்த பிள்ளைகளுக்குப் படம் ஏது?

கண்ணுக்குள் வெள்ளை

இனி, படம் செய்யும் ஒரு பெரிய நன்மையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் பிரையன் ஷா என்ற வேதியியல் பேராசிரியர் இருக்கிறார். 2008-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். தாய் ஆசை ஆசையாகப் படம் எடுத்தார். பிளாஷ் அடித்த படங்களில் பிள்ளையின் கண்மணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியது. டாக்டரிடம் காட்டினார்கள்.

கண்ணில் புற்றுநோய்!

பிள்ளையின் ஒரு கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றொரு கண்ணையும் உயிரையும் காப்பாற்றினார்கள்.

பிறகு தந்தை பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆயிரக்கணக்கான படங்கள்! பிள்ளை பிறந்த 12-வது நாள் எடுத்த படத்திலேயே அந்த வெள்ளை இருந்தது. அப்போது யாருக்கும் அது தெரியவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. செல்போனில் உள்ள படங்களைத் தேடி இந்த வெள்ளையைக் கண்டுபிடிக்கும் செயலியை மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 40 குழந்தைகளின் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. கண்ணில் நோய் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, டாக்டர் கண்டுபிடிக்கும் முன்பே பழைய படத்தில் அடையாளம் இருந்தது!

இந்த நோய், பிறக்கும் 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வரும். பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம். பல சமயம் கண்ணையும் காப்பாற்றலாம்.

பிளாஷ் படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிந்தால் பயம் இல்லை. பூனைக் கண் போல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னினால் கவனியுங்கள். அப்படித் தெரிந்தாலே புற்றுநோய் என்று முடிவு கட்ட வேண்டாம். பிள்ளை பக்கவாட்டில் பார்த்ததாலும் அப்படித் தெரியலாம். கண்புரையாகவும் இருக்கலாம். ஆனால் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். படத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

மதுரைக்காரர்களுக்கு அலைச்சல் இல்லை. டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இங்கேயே இருக்கிறது. குழந்தைகளின் கண்ணில் வரும் கட்டிக்கும் அங்கே சிகிச்சை உண்டு.

அம்மா எங்கே?

கடைசியாக ஒன்று.

இன்று உங்கள் செல்போனைத் திறந்து பாருங்கள். பிள்ளை சிரிக்கிறது. பிள்ளை தவழ்கிறது. பிள்ளை சோற்றை அப்பிக்கொள்கிறது. நூறு படம், ஆயிரம் படம்!

அந்தப் படங்களில் அம்மா எங்கே?

அவள்தானே படம் எடுத்தாள்! அன்று துணிக்குள் மறைந்தாள். இன்று போனுக்குப் பின்னால் மறைகிறாள்.

பிரசவத்தில் தாயை இழந்த பிள்ளைகள் பழைய தலைமுறையில் பல வீடுகளில் உண்டு. "எங்கம்மா எப்படி இருந்தாங்க?" என்று அவர்கள் கேட்டார்கள். "உன்னை மாதிரிதான் இருந்தா" என்று அத்தை சொன்னாள். காட்டுவதற்கு ஒரு படம் இல்லை.

ஆகவே அப்பாக்களே! போனை நீங்கள் வாங்குங்கள். கலைந்த தலையும், கசங்கிய சேலையும், தூக்கம் இல்லாத கண்ணுமாக அவள் இருக்கட்டும். மடியில் பிள்ளை இருக்கட்டும். ஒரு படம் எடுங்கள். போனோடு விட்டுவிடாமல், காகிதத்தில் ஒரு பிரதி போட்டுப் பெட்டியில் வையுங்கள்.

விளாங்குடிப் பாட்டியையும் மறக்க வேண்டாம். அவள் "வேணாம்" என்றுதான் சொல்வாள். பேத்தியின் வளையல் கைக்குப் பக்கத்தில் அவளையும் உட்கார வையுங்கள்.

கேமராவைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொள்வாள், பாருங்கள்!