படைவீரர் ஓய்வூதியமும் ஒரு பாராளுமன்ற அறிக்கையும்

போரில் வீழ்ந்த மறவனைப் போற்றும் நெறி தமிழர்க்கு மிகப் பழமையானது. தொல்காப்பியர் புறத்திணையியலில் நடுகல் அமைக்கும் முறையினைத் துறை துறையாக வகுத்துரைத்தார். களத்தில் உயிர்நீத்தோனுடைய சுற்றத்தார்க்கு 'உதிரப்பட்டி' என்னும் பெயரால் நிலம் வழங்கப்பட்டமையைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. வள்ளுவரும் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களைப் படைக்கென ஒதுக்கினார். ஆயின் களத்தில் வீழாது, சேவைக்காலம் முடிந்து, தழும்போடு வீடு திரும்பிய வீரன் எஞ்சிய வாழ்நாளை எவ்வாறு கழிப்பான் என்னும் வினா அத்துணை விரிவாகப் பேசப்பட்டதன்று. இறந்தவனுக்குக் கல் நாட்டுதல் எளிது. உயிரோடிருப்பவனுக்கு மாதந்தோறும் நீதி செய்தல் அரிது.

இக்கால அரசுகள் இவ்வினாவுக்குக் கண்ட விடையே ஓய்வூதியம். அதனைப் பென்சன் என்றும் உபகாரச் சம்பளம் என்றும் நம்மவர் வழங்குவர். உபகாரம் என்னுஞ் சொல் அதனை ஓர் அருட்கொடை போலக் காட்டுகின்றது. உண்மையில் அது கொடையா, கடனா? இவ்வினாவை இந்தியப் பாராளுமன்றத்தின் முன் தெளிவாக நிறுத்திய ஓர் அறிக்கையையும், அதற்குத் தலைமை தாங்கிய பகத் சிங் கோசியாரி என்னும் உறுப்பினரின் பணியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். படை என்னுஞ் சொல் இலங்கைத் தமிழர் உள்ளத்தில் கசப்பான நினைவுகள் பலவற்றை எழுப்புமென்பது உண்மையே. ஆயினும் ஈண்டு ஆராயப்படுவது படைகளின் செயலன்று. உழைத்து ஓய்ந்தோர்க்கு அரசு செலுத்த வேண்டிய கடனின் இயல்பேயாகும்.

வேற்றுமை பிறந்த விதம்

இந்திய அரச ஊழியரின் சம்பளம் ஊதியக் குழுக்களின் பரிந்துரைப்படி ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றது. நான்காம் குழுவின் திருத்தம் 1986இலும், ஐந்தாவது 1996இலும், ஆறாவது 2006இலும், ஏழாவது 2016இலும் நடைமுறைக்கு வந்தன. ஓய்வூதியமோ இறுதியாகப் பெற்ற சம்பளத்தைத் தழுவிக் கணிக்கப்படுவது. எனவே திருத்தத்துக்கு முன் விலகியவர் குறைந்த சம்பளத்தின் பாதியையும், பின் விலகியவர் கூடிய சம்பளத்தின் பாதியையும் பெறுவர். பழைய ஓய்வூதியர்க்கும் சிறிது உயர்வு அளிக்கப்பட்டதாயினும், அது புதியவரோடு அவரைச் சமமாக்கவில்லை.

இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் அவில்தார் நிலையினர்; இருவரும் பதினேழாண்டு சேவை செய்தவர். ஒருவர் 1995இலும் மற்றவர் 2007இலும் விலகினர். நிலை ஒன்று, சேவைக்காலம் ஒன்று, சந்தையில் அரிசியின் விலையும் ஒன்று. ஓய்வூதியம் மட்டும் வேறு. முதலாமவர் வயதில் மூத்தவர். மருந்துச் செலவு மிக்கவர். ஆயினும் குறைவாகப் பெறுபவர் அவரே.

இவ்வேற்றுமை குடிசார் ஊழியரிடத்தும் உண்டே எனச் சிலர் வினவுவர். அதற்கு விடை சேவையின் அமைப்பிலே உள்ளது. அலுவலகத்தில் எழுதுநராகச் சேர்ந்தவர் அறுபது வயதுவரை பணியாற்றுவர். மூன்று ஊதியக் குழுக்களின் பயனையேனும் பணியிலிருந்தவாறே பெறுவர். சிப்பாயின் கதை வேறு. படைக்கு இளமையும் உடல்வலியும் வேண்டுதலின், முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதிலேயே பெரும்பாலானோர் வெளியேற்றப்படுகின்றனர். பிள்ளைகள் பள்ளி செல்லும் பருவத்தில் தந்தையின் சம்பளம் நின்றுவிடுகின்றது. அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் அவர் பழைய கணக்கிலேயே காலந்தள்ள வேண்டும். குறுகிய சேவையும் நீண்ட ஓய்வும் என்னும் இந்த அமைப்பே படைவீரர் வழக்கின் அடித்தளமாகும்.

நீதிமன்றமும் முன்னைய குழுக்களும்

1982 டிசம்பர் 17இல் டி. எஸ். நகாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் வழங்கிய தீர்ப்பு ஓய்வூதிய வரலாற்றில் ஒரு மைல்கல். ஓய்வூதியம் அரசின் விருப்பத்தால் இடப்படும் ஈகையன்று, முன்செய்த சேவைக்கு உரியதென அத்தீர்ப்பு நிறுவியது. ஒரு குறித்த நாளுக்கு முன் விலகினோர், பின் விலகினோர் எனப் பிரித்து, திருத்திய கணிப்பு முறையை ஒரு சாரார்க்கு மட்டும் வழங்கியதை அது ஏற்கவில்லை. ஆயினும் 1991இல் முன்னாள் படைவீரர் கழகம் தொடுத்த வழக்கில், நகாரா தீர்ப்பைக் கொண்டு எல்லார்க்கும் ஒரே தொகை கோர இயலாதென அதே நீதிமன்றம் எல்லை வகுத்தது. கணிப்பு முறை ஒன்றாயிருத்தல் வேறு, பெறும் தொகை ஒன்றாயிருத்தல் வேறு என்பதே அதன் கருத்து. நீதிமன்ற வாயில் இவ்வாறு அடைபட்டபின், சட்டமியற்றும் மன்றத்தின் வாயிலையே வீரர் தட்டவேண்டியதாயிற்று.

இதற்கு முன்னரே, 1984இல், ஒரிசாவைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர் கே. பி. சிங் தேவ் தலைமையில் அமைந்த உயர்மட்டக் குழு, 'ஒரே நிலை, ஒரே ஓய்வூதியம்' என்னும் கோட்பாட்டை ஆதரித்திருந்தது. 1991இல் சரத் பவார் தலைமையிலான குழு ஒருமுறை உயர்வுக்கு வழி செய்தது. கோட்பாடு முழுமையாக நிறைவேறவில்லை. 2009இல் முதிய வீரர் பலர் தாம் பெற்ற பதக்கங்களைக் குடியரசுத் தலைவரிடமே திருப்பியளிக்கப் புறப்பட்டனர். உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய அடையாளத்தை ஒருவன் திருப்பிக் கொடுக்கின்றான் எனின், அவன் உள்ளம் எத்துணை நொந்திருத்தல் வேண்டும்!

கோசியாரி குழு

பகத் சிங் கோசியாரி 1942இல் குமாவுன் மலைநாட்டில் பிறந்தவர். அது தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் நாடு. குமாவுன் படைப்பிரிவின் தலைமையகம் ரானிகேத் என்னும் ஊரில் உள்ளது. ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற கோசியாரி, சில காலம் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் தொழில் செய்தார். நெருக்கடிநிலைக் காலத்தில் சிறையிலிருந்தார். பாரதிய சனதாக் கட்சியினரான அவர் 2001 முதல் 2002 வரை உத்தராகண்டின் முதலமைச்சராகவும், 2008 முதல் 2014 வரை மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். அவ்வவையின் மனுக்கள் குழுவுக்கு அவர் தலைவராயிருந்த காலத்திலேயே முன்னாள் வீரரின் மனு அக்குழுவின் முன் வந்தது. விமானப்படை அதிகாரி ஒருவரின் மகனான இராஜீவ் சந்திரசேகர் போன்ற உறுப்பினரும் இவ்விடயத்தைத் தொடர்ந்து வலியுறுத்தி வந்தனர்.

மனுக்கள் குழு என்பது பலராலும் கவனிக்கப்படாத ஓர் அமைப்பு. அங்கே மேசை தட்டும் ஆரவாரமில்லை. பல கட்சியினரும் கூடியிருந்து, குடிமகனின் மனுவைப் படித்து, அமைச்சின் அதிகாரிகளை அழைத்து வினவி, அறிக்கை எழுதுவர். 2011 டிசம்பரில் கோசியாரி குழு சமர்ப்பித்த 142ஆம் அறிக்கை அவ்வாறு பிறந்ததே.

பாதுகாப்பு அமைச்சு மூவகைத் தடைகளை முன்வைத்தது. நிர்வாகத் தடை: இருபத்தைந்தாண்டுக்கு மேற்பட்ட ஆவணங்கள் பேணப்படுவதில்லை. சட்டத் தடை: ஓய்வூதிய விதிகளைப் பின்னோக்கிப் பொருத்துதல் அரிது. நிதித் தடை: செலவு பெருகும், பிற ஊழியரும் இதனையே கேட்பர். குழு இவற்றை ஏற்கவில்லை. அனைவர்க்கும் நடைமுறைப்படுத்தினால் 2011-12ஆம் ஆண்டுக்கு 1300 கோடி ரூபா செலவாகுமென்பது குழுவின் முன்னிருந்த மதிப்பீடு. அதில் 1065 கோடி அதிகாரிகளல்லாத வீரர்க்கும், 235 கோடி அதிகாரிகளுக்கும் உரியது. பெரும்பங்கு கடைநிலை வீரனுக்கே சேருமென்பதை இக்கணக்கு உணர்த்திற்று.

அறிக்கையின் உயிர்நாடி அது தந்த வரைவிலக்கணம். அதன் சாரம் இது: ஒரே நிலையில், ஒரே சேவைக்காலத்தோடு விலகிய வீரர் அனைவர்க்கும், விலகிய நாள் எதுவாயினும், ஒரே ஓய்வூதியம் வழங்கப்படல் வேண்டும், பிற்காலத்து உயர்வு எதுவும் முன்னர் விலகியோர்க்குத் தானாகவே சென்று சேரல் வேண்டும். 'தானாகவே' என்னும் சொல் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அதுவரை ஆளுக்கொரு பொருளில் முழங்கப்பட்ட ஒரு கோசம், அளந்து பார்க்கத்தக்க கோட்பாடாக அன்றே மாறிற்று.

அறிக்கைக்குப் பின்

2014 பெப்ரவரி 17இல் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிதியமைச்சர் ப. சிதம்பரம், கோட்பாட்டை அரசு ஏற்பதாக அறிவித்து 500 கோடி ரூபா ஒதுக்கினார். அவ்வாண்டு ஆட்சி மாறியது. புதிய அரசும் மேலும் 1000 கோடி ஒதுக்கியது. ஆயினும் ஆணை வரவில்லை. 2015 யூன் மாதம் டில்லி சந்தர் மந்தரில் முதிய வீரர் தொடர் உண்ணாவிரதம் தொடங்கினர். செப்டெம்பர் 5இல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர் திட்டத்தை அறிவித்தார். நவம்பர் 7இல் ஆணை வெளிவந்தது.

ஆணையின்படி திட்டம் 2014 யூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. 2013ஆம் ஆண்டில் ஒரே நிலையில், ஒரே சேவைக்காலத்தோடு விலகியோர் பெற்ற மிகக் குறைந்த தொகைக்கும் மிகக் கூடிய தொகைக்கும் சராசரி காணப்பட்டு, அதுவே பழையவர்க்கும் அளவாக்கப்பட்டது. சராசரிக்கு மேற்பெற்றோர்க்குக் குறைப்பில்லை. நிலுவை நான்கு அரையாண்டுத் தவணைகளில் வழங்கப்படும். மறைந்த வீரரின் மனைவியர்க்கு ஒரே தவணை. இவையெல்லாம் நலமே. ஆனால் மீள்கணிப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. 'தானாகவே' என்னும் சொல் கைநழுவிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டில் புதியவர்க்கும் பழையவர்க்கும் வேற்றுமை மீண்டும் முளைக்க இடமுண்டாயிற்று.

இதனை எதிர்த்து முன்னாள் வீரர் இயக்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. கோசியாரி அறிக்கையின் வரைவிலக்கணமே அவர்கள் கையிலிருந்த அளவுகோல். 2022 மார்ச் 16இல் நீதியரசர் சந்திரசூட் முதலிய மூவர் ஆயம் தீர்ப்பளித்தது. பாராளுமன்றக் குழுவின் அறிக்கை அரசின் கொள்கையைக் கூறுவதாகாது. ஐந்தாண்டு எல்லை அரசின் கொள்கைத் தெரிவு. அதில் அரசியலமைப்புக் குறையில்லை. எனினும் 2019 யூலை 1 முதல் மீள்கணிப்புச் செய்து நிலுவையைத் தருக என நீதிமன்றம் பணித்தது. 2022 டிசம்பர் 23இல் அமைச்சரவை அதற்கு இசைந்தது, பயன்பெறுவோர் 25.13 இலட்சம் என அரசு கூறியது. நிலுவை தாமதித்தமையால், வயது முதிர்ந்தோர்க்கு முன்னுரிமை தந்து 2024 பெப்ரவரிக்குள் கொடுத்து முடிக்குமாறு 2023 மார்ச்சில் நீதிமன்றம் கால அட்டவணை வகுக்க நேர்ந்தது.

பணியின் மதிப்பு

இவ்வரலாற்றினின்றும் ஒரு சட்டசபையாளரின் பணியை எவ்வாறு மதிப்பிடுவது? குழுவின் அறிக்கைக்குக் கட்டாயப்படுத்தும் வலிமையில்லை என்பது வெளிப்படை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1925 முதல் 1960 வரை அங்கம் வகித்த எடித் நூர்சு ரோசர்சு அம்மையாரின் பணியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அவர் துணைநின்று முன்னெடுத்த 1944ஆம் ஆண்டுப் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், சட்டமாகவே நிறைவேறியது. அதன் பயனாக ஏறத்தாழ 22 இலட்சம் வீரர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றனர். சட்டம் ஆணையிடும், அறிக்கை எடுத்துரைக்கும்.

குழுவின் முன்னிருந்த செலவு மதிப்பீடும் குறைவானதே. 2015இல் ஆண்டுச் செலவு 8000 முதல் 10000 கோடி வரையென அரசு கூறியது. கோசியாரியின் பிற்காலப் பொதுவாழ்வும் கண்டனத்துக்கு உட்படாததன்று. 2019 முதல் 2023 வரை மகாராட்டிர ஆளுநராயிருந்த அவர், 2022இல் சட்டசபையில் பெரும்பான்மையை நிறுவுமாறு அழைத்தமை முறையன்றென உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது. ஒருவரின் ஒரு பணியைப் பாராட்டுவதற்கு அவர் பணி அனைத்தையும் பாராட்டவேண்டியதில்லை. ஒரு குறையைக் கண்டு நற்பணியை மறப்பதும் நடுநிலையாகாது.

அறிக்கை வலியற்றதாயினும் வீணானதன்று. அது வெளிவந்தபின் எந்த அரசும் அக்கோட்பாடு யாதென அறியோம் எனக் கூறமுடியாதாயிற்று. ஆணை எங்கே நிறைவுற்றது, எங்கே குறைந்தது என்பதைச் சாதாரண சிப்பாயும் அவ்வரைவிலக்கணத்தோடு ஒப்பிட்டு அறிந்தான். சொல்லைத் திட்டமாக வரையறுத்து அவைக் குறிப்பில் ஏற்றிவைத்தலும் மக்கட் பிரதிநிதியின் தொண்டே.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. இலங்கையிலும் சம்பளத் திருத்தத்துக்கு முன் இளைப்பாறியோர், பின் இளைப்பாறியோர் என்னும் வேற்றுமை ஆசிரியர் உள்ளிட்ட அரச ஊழியரை வருத்தியதுண்டு. 2020 சனவரி 1க்கு முன் இளைப்பாறியோரின் ஓய்வூதியத்தை மூன்று கட்டங்களாகத் திருத்துதற்கு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தமை அதற்குச் சான்று. நம் பாராளுமன்றத்திலும் பொதுமனுக்கள் குழு உண்டு. உறுப்பினர் ஒருவர் வாயிலாக எக்குடிமகனும் அதனை அணுகலாம். இலுப்பைக்கடவை போன்ற கரையோரச் சிற்றூரில் வாழும் இளைப்பாறிய ஆசிரியர்க்கும் அவ்வழி திறந்தே உள்ளது. வேண்டுவன இரண்டு: கேட்பது இன்னதெனத் திட்டமாக எழுதும் மனு ஒன்று, அதனைப் பொறுமையோடு படித்து அவையேற்றும் உறுப்பினர் ஒருவர். இவ்விரண்டும் கூடிய இடத்தில் உபகாரம் என்னும் சொல் மெல்ல மறையும். உரிமை என்னும் சொல் அவ்விடத்து நிலைபெறும்.