‘ஏன் விட்டுப் போகவில்லை?’ என்று கேட்பதற்கு முன்

குடும்ப வன்முறையைப் பார்க்கும் மருத்துவர், தாதி, போலீஸ்காரர், நீதிபதி ஆகியோரின் பார்வை ஓர் உயிரைக் காக்கவும் கூடும், கைவிடவும் கூடும். ஆய்வுகள் சொல்வது என்ன?

டெங்கிலில் ஓர் அரசாங்கக் கிளினிக்கிற்குக் கை வீங்கிய நிலையில் ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்” என்கிறார். மருத்துவர் வலி மாத்திரை எழுதித் தருகிறார். சில மாதங்கள் கழித்துத் தொண்டை வலி, குரல் கம்மல் என்று வேறொரு மருத்துவரிடம் போகிறார். பிறகு ஒரு நாள் போலீஸ் நிலையத்துக்குப் போகிறார். “புருஷன் பெண்டாட்டி சண்டைதானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று திருப்பி அனுப்பப்படுகிறார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் பார்த்தது ஒரு துண்டைத்தான். அந்தத் துண்டுகளை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட கதைகளில் பலவும் முழுமையாக வெளிவருவது ஓர் உயிர் போன பிறகுதான்.

அந்த உயிர் பெரும்பாலும் பெண்ணின் உயிர். ஐ.நா. கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டார்கள். நாளொன்றுக்கு 140 பேர். கொலையாகும் பெண்களில் சுமார் 60 விழுக்காட்டினர் இப்படி இறக்கிறார்கள். ஆண்களில் சுமார் 12 விழுக்காட்டினர்தான். கணவனைக் கொல்லும் பெண்கள் மிகச் சிலர். ஆனால் அந்தச் சில வழக்குகள்தாம் துறைசார்ந்தவர்களின் பார்வையைக் கேள்விக்குள்ளாக்கின.

கிரண்ஜித் அலுவாலியா வழக்கு

ஐஸ்வர்யா ராய் நடித்து 2006இல் வந்த ‘புரோவோக்ட்’ என்ற படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் மூலக்கதை உண்மையானது. பஞ்சாபில் பிறந்த கிரண்ஜித் அலுவாலியா 1979இல் திருமணமாகி இங்கிலாந்தில் குடியேறினார். பத்து ஆண்டுகள் அடி உதை. 1981லேயே அவருடைய காயங்களை மருத்துவர் குறித்து வைத்திருக்கிறார். கணவரைத் தடுக்க இருமுறை நீதிமன்றத் தடையுத்தரவும் பெற்றார். அடி நிற்கவில்லை.

1989 மே மாதம் ஓரிரவு, சூடான இஸ்திரிப் பெட்டியைக் காட்டி மிரட்டிய கணவர் உறங்கிய பிறகு, கிரண்ஜித் அவர்மீது பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். சில நாள்களில் கணவர் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

‘திடீர் ஆத்திரம்’ என்று சட்டம் சொன்னதற்குள் அவர் செயல் அடங்கவில்லை. கணவர் உறங்கும்வரை நேரம் இருந்ததே, ஆத்திரம் ஆறியிருக்குமே என்பது அரசுத் தரப்பின் வாதம். சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு போராடியது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிய மனநல மருத்துவ அறிக்கைகளை ஏற்று, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், கொலையை விடக் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர் விடுதலையானார்.

‘திடீர்’ என்ற சொல்லின் சிக்கல்

இது இங்கிலாந்தின் பிரச்சினை மட்டுமன்று. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆவது பிரிவும் ‘கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்’ என்றுதான் விலக்கு அளிக்கிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியில் வந்த சொற்கள் இவை.

இந்த அளவுகோல் சம பலம் உள்ள இரு ஆண்களின் சண்டைக்குப் பொருந்தும். தன்னைவிடப் பலசாலியிடம் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கும் பெண், அடி விழும் நேரத்திலேயே திருப்பி அடித்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய அச்சம் ஒரு கணத்தில் பொங்குவதில்லை, நாள்தோறும் சேர்கிறது. வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படியிருக்கும் என்று கணிக்கப் பழகிவிட்ட மனம் அது.

1989இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை உணர்ந்து ஒரு தீர்ப்பு வழங்கியது. அது கணவனைக் கொன்ற வழக்கு அல்ல. கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கு. ‘திடீர்’ ஆத்திரமூட்டலைப் போலவே ‘நீடித்த’ ஆத்திரமூட்டலும் உண்டு என்றது நீதிமன்றம். நம் பாட்டிமார் சொல்லி அழுத நல்லதங்காள் கதையின் பெயராலேயே அந்த மனநிலை சட்ட உலகில் அழைக்கப்படுகிறது. இங்கிலாந்திலோ 2010இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், கட்டுப்பாடு இழப்பது திடீரென்று நிகழ வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

உளவியல் தந்த விளக்கமும் அதன் குறையும்

அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் வன்முறையின் சுழற்சியை விளக்கினார். முதலில் பதற்றம் சேரும். பிறகு அடி விழும். அதன்பின் மன்னிப்பும் கொஞ்சலும் வரும். மீண்டும் பதற்றம். என்ன செய்தாலும் பயனில்லை என்று மனம் கற்றுக்கொள்வதால் பெண் செயலற்றுப் போகிறாள் என்றார் அவர். 1990இல் கனடா உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளில் நிபுணரின் சாட்சியம் தேவை என்று ஏற்றுக்கொண்டது. வெறும் பொது அறிவை வைத்து இந்தப் பெண்களை எடைபோட முடியாது என்பதே காரணம்.

ஆனால் இந்த விளக்கத்துக்கும் விமர்சனம் உண்டு. கொடுமையை விட்டுவிட்டு, பெண்ணின் மனத்தையே நோயாகக் காட்டுகிறது என்பது முதல் குறை. அழுது ஒடுங்கிய பெண்ணை நம்பும் அதிகாரி, எதிர்த்துப் பேசிய, கோபப்பட்ட, குடித்திருந்த பெண்ணை நம்ப மறுக்கிறார் என்பது இரண்டாவது குறை. அடி வாங்கியவர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

விலகுவதே ஆபத்தான நேரம்

“அவ்வளவு கொடுமை என்றால் ஏன் விட்டுப் போகவில்லை?” நீங்களும் நானும் கேட்கும் கேள்விதான் இது. தாதியாக இருந்து ஆய்வாளரான ஜாக்குலின் கேம்பெல், அமெரிக்காவின் 11 நகரங்களில் நடத்திய ஆய்வை 2003இல் வெளியிட்டார். மிகவும் அடக்கி ஆளும் துணைவரைப் பிரியும்போது, பெண் கொல்லப்படும் ஆபத்து ஒன்பது மடங்கு உயர்வதாக அதில் தெரிந்தது. விட்டுப் போகாத பெண் பல வேளைகளில் ஆபத்தைச் சரியாகவே கணக்கிட்டிருக்கிறார்.

இன்னொரு முக்கியமான அடையாளம், கழுத்தை நெரித்தல். முன்பு ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் சான் டியேகோ நகரில் 300 வழக்குகளைப் பரிசீலித்தபோது, பாதிப் பேரின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. குரல் கம்மலோடு வந்த பெண்ணிடம் மருத்துவர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் நாட்டில் என்ன நிலை?

மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல்நிலைச் சிகிச்சை தரும் மருத்துவர்களிடமும் தாதியரிடமும் கேட்டறிந்தார்கள். பாதிக்கப்பட்டவர் மீதே பழி போடும் எண்ணம் மருத்துவர்களில் 28 விழுக்காட்டினரிடமும் தாதியரில் 51.1 விழுக்காட்டினரிடமும் இருந்தது. ஏன் கேட்பதில்லை என்றதற்கு, நேரமில்லை என்றார்கள் 66 விழுக்காடு மருத்துவர்கள். நோயாளி மனம் புண்படுவார் என்றார்கள் பாதிக்கும் மேற்பட்டோர். இதுபற்றிப் பயிற்சி பெற்றிருந்தவர்கள் மருத்துவர்களில் 20 விழுக்காடு, தாதியரில் 6.8 விழுக்காடு.

இவர்கள் கெட்டவர்கள் அல்லர். கற்றுத் தரப்படவில்லை என்பதே உண்மை. ஆண்டுகள் கடந்துவிட்டாலும், அந்த எண்கள் எழுப்பும் கேள்வி இன்னும் நிற்கிறது.

நாம் பின்தங்கியும் இல்லை. குடும்ப வன்முறைக்கென்று 1994லேயே தனிச் சட்டம் இயற்றிய நாடு நம்முடையது. 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தொடங்கிய ஓ.எஸ்.சி.சி. எனப்படும் ஒரே இட உதவி மையம், பிற நாடுகளுக்கும் முன்மாதிரியானது. சிகிச்சை, ஆலோசனை, போலீஸ் உதவி எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, போலீஸ் புகாருக்குக் காத்திராமல் சமூகநல இலாகா அதிகாரியே ஏழு நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். கட்டாய மரண தண்டனையும் 2023 ஜூலையில் நீங்கியது. எனவே கொலை வழக்கிலும், பெண் கடந்து வந்த வாழ்க்கையைத் தண்டனை விதிக்கும்போது எடைபோட நீதிபதிக்கு இடம் கிடைத்திருக்கிறது.

சட்டம் இருந்தால் போதாது. முதலில் பார்ப்பவர் நம்ப வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்குச் சொல்லும் வழி எளிமையானது: குறுக்கிடாமல் கேளுங்கள், என்ன தேவை என்று விசாரியுங்கள், நம்புகிறேன், உங்கள் மீது தவறில்லை என்று சொல்லுங்கள், பாதுகாப்புக்குத் திட்டமிடுங்கள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடுங்கள்.

இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. உங்கள் தங்கையோ, பக்கத்து வீட்டு அக்காவோ, உடன் வேலை செய்பவரோ வாய் திறந்தால் நீங்களும் இதையே செய்யலாம். “ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய்?” என்பதை விடுத்து, “இன்று இரவு வீட்டுக்குப் போவது உனக்குப் பாதுகாப்பா? கழுத்தை நெரித்தாரா? கொன்றுவிடுவேன் என்றாரா?” என்று தனியாக, கணவர் இல்லாத இடத்தில் கேளுங்கள். ஆம் என்றால் தாமதிக்க வேண்டாம். தாலியான் காசே 15999 எண்ணில் 24 மணி நேரமும் உதவி உண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் 999. காயம் இருந்தால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய், நடந்ததை நடந்தபடியே பதியச் சொல்லுங்கள். அந்தப் பதிவு பின்னாளில் அவருக்காகப் பேசும்.