கைதிகள் முகாமில் பிறந்த நால்வர் இசை



புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் யாரும் அங்குள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைப் பார்க்காமல் கடந்துவிட முடியாது. முதலாம் உலகப் போரில் (1914–1918) பிரான்சு நாட்டுக்காக உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டது அது. ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள் அது விளக்கொளியில் மிளிர்கின்றது. இரண்டாம் உலகப் போரிலும் நம் ஊர் ஒதுங்கி நிற்கவில்லை. 1940 ஜூன் மாதம் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வேன், ஜெனரல் தெ கோல் தலைமையிலான சுதந்திர பிரான்சின் பக்கம் நிற்பதாக அறிவித்தார். ‘சொல்தா’ என்னும் சொல் இன்றும் புதுச்சேரித் தமிழில் வாழ்கின்றது என்றால், அதற்குப் பின்னால் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீர் இருக்கின்றது.

போரின் நினைவைக் கல் சுமக்கின்றது; எக்காளமும் முரசும் சுமக்கின்றன. இவற்றைத் தவிர அந்நினைவைச் சுமக்கும் மெல்லிய இசையும் ஒன்று உண்டு. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, மூன்று அல்லது நான்கு பேர் வாசிப்பதற்காக எழுதப்பட்ட இசை அது. அத்தகைய படைப்புகளை மட்டுமே தொகுத்து வழங்கும் கச்சேரிகள் இன்று உலகின் பல நகரங்களில் நடைபெறுகின்றன. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது? அவை நமக்குச் சொல்வது என்ன?

நடத்துநர் இல்லாத இசை

மேற்கத்திய இசையில் ‘சேம்பர் மியூசிக்’ என்று ஒரு வகை உண்டு. சேம்பர் என்றால் அறை. பெரிய அரங்கில் எண்பது, நூறு கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாறாக, ஒரு வீட்டின் அறைக்குள் இரண்டு முதல் எட்டுப் பேர் வரை அமர்ந்து வாசிப்பது இது. எனவே இதனை அறை இசை எனலாம்.

இதன் முதன்மையான இயல்பு, எதிரே கோலைப் பிடித்துக்கொண்டு நடத்துநர் யாரும் நிற்பதில்லை என்பதே. கலைஞர்கள் ஒருவர் மற்றவரின் மூச்சைக் கேட்டு, கண்ணைப் பார்த்து வாசிக்கின்றார்கள். நம் கச்சேரி மேடையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பாடுபவர், வயலின்காரர், மிருதங்கக்காரர் ஆகியோரை ஒன்றிணைப்பது கட்டளை அன்று, செவி. ஒருவர் கேட்க மறந்தால் கச்சேரி குலைந்துவிடும்.

போர் என்பதோ முழுக்க முழுக்கக் கட்டளையின் உலகம். அந்த உலகத்தின் நடுவில், கட்டளை இல்லாமல் இயங்கும் இசையை மனிதர்கள் எழுதினார்கள் என்பதே சிந்திக்கத்தக்கது.

போர்க்காலம் தந்த படைப்புகள்

பிரெஞ்சு இசை அமைப்பாளர் மொரிஸ் ராவெல், 1914இல் போர் தொடங்கியபோது, பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்று கருவிகளுக்கான ஒரு படைப்பை அவசர அவசரமாக எழுதி முடித்தார். படையில் சேரவேண்டும் என்பதே அந்த அவசரத்துக்குக் காரணம். உடல் எடை போதாது என்று படை அவரை முதலில் ஏற்கவில்லை. பின்னர் 1916இல் இராணுவ லாரி ஓட்டுநராகப் பணியாற்றினார்.

குளோது தெபுஸ்ஸி புற்றுநோயால் வருந்திக்கொண்டே, ஆறு சொனாட்டாக்கள் எழுதத் திட்டமிட்டு, 1915 முதல் 1917 வரை மூன்றை மட்டும் முடித்தார். 1918 மார்ச் 25 அன்று, பாரீசு நகரின்மீது ஜெர்மானியப் பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாள்களில், அவர் இறந்தார்.

இரண்டாம் உலகப் போரில் நாசிகள் செக் நாட்டின் தெரேசின் நகரில் யூதர்களை அடைத்து வைத்தனர். அங்கே கிதியோன் கிளைன் என்னும் இளைஞர் 1944 அக்டோபரில் மூன்று தந்திக் கருவிகளுக்கான படைப்பு ஒன்றை முடித்தார். அதன் நடுப்பகுதி, தம் சொந்த மண்ணான மொராவியாவின் நாட்டுப்பாடல் ஒன்றைத் தழுவியது. எழுதி முடித்த சில நாள்களில் அவர் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். 1945 சனவரியில் இறந்தபோது அவருக்கு வயது 25. எழுதியவர் திரும்பி வரவில்லை. எழுதிய இசை திரும்பி வந்தது.

எட்டு-ஏ முகாமின் நால்வர்

இவ்வகைக் கச்சேரிகளில் அடிக்கடி இடம்பெறும் படைப்பு, ஒலிவியே மெஸ்ஸியான் எழுதிய ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’. மெஸ்ஸியான் 1908இல் அவிஞோனில் பிறந்தவர். ஆழ்ந்த விசுவாசமுள்ள கத்தோலிக்கர். 1931 முதல் 1992இல் இறக்கும்வரை பாரீசிலுள்ள தூய மூவொரு கடவுள் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பார்வைக் குறைவினால் போர்முனைக்கு அனுப்பப்படாமல் மருத்துவப் பிரிவில் பணியாற்றிய அவர், 1940இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். கோர்லிட்ஸ் நகரின் அருகே ‘ஸ்டாலாக் எட்டு-ஏ’ என்னும் கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார்.

அங்கே மூன்று இசைக்கலைஞர்கள் அவருடன் இருந்தனர். ஆன்ரி அக்கோக்கா அல்ஜீரியாவில் பிறந்த யூதர், கிளாரினெட் வாசிப்பவர். ழான் லெ புலேர் வயலின் கலைஞர். எத்தியேன் பஸ்கியே செல்லோ கலைஞர். செல்லோ என்பது வயலினின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கருவி. முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிப்பது. முகாமில் செல்லோ இல்லாததால் கைதிகள் தங்களிடமிருந்த காசைத் திரட்டிக் கொடுத்தனர். காவலர்களுடன் பஸ்கியே கோர்லிட்ஸ் கடைக்குச் சென்று ஒன்றை வாங்கி வந்தார். கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்ற இந்தக் கூட்டணி இசை மரபில் அரிதானது. இருந்தவர்களைக் கொண்டு உருவானது அது.

கார்ல்-ஆல்பர்ட் ப்ருல் என்னும் ஜெர்மானியக் காவலர் ஒருவரும் இதில் இருக்கின்றார். எழுதத் தாளும் பென்சிலும் கொடுத்தவர் அவரே.

1941 சனவரி 15 மாலை, வெளியே பனி உறைந்திருக்க, முகாமின் 27ஆம் எண் கொட்டகையில் இந்த இசை முதன்முறையாக வாசிக்கப்பட்டது. முன்வரிசையில் ஜெர்மானிய அதிகாரிகள். பின்னால் சுமார் நானூறு கைதிகள். அவர்களில் பலர் அத்தகைய இசையை அதுவரை கேட்டதே இல்லை.

ஐந்தாயிரம் பேர் கேட்டார்கள் என்றும், செல்லோவில் மூன்று தந்திகளே இருந்தன என்றும் மெஸ்ஸியானே பின்னாளில் சொல்லி வந்தார். ஆனால் அந்தக் கொட்டகையில் அத்தனை பேருக்கு இடமில்லை. தந்திகள் நான்கும் இருந்தன என்று பஸ்கியே தெளிவாகச் சொன்னார். பசியும் குளிரும் வாட்டிய இடத்தில் நானூறு பேர் ஏறக்குறைய ஐம்பது நிமிடங்கள் அமைதியாக அமர்ந்து கேட்டார்கள் என்பதே போதுமான அற்புதம் அல்லவா?

நம் நாட்டுத் தாளங்கள்

இந்தப் படைப்புக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னரின் அவையில் இருந்த சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகரம்’ என்னும் நூலை இயற்றினார். அதில் 120 தேசி தாளங்களை அவர் பட்டியலிடுகின்றார். அந்தப் பட்டியல் பாரீசில் அச்சான ஓர் இசைக் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றிருந்தது. அதைக் கண்ட மெஸ்ஸியான் ஆண்டுக்கணக்கில் அதனை ஆராய்ந்தார். குருவிடம் அமர்ந்து கற்றதன்று, அச்சிட்ட பட்டியலிலிருந்து தாமே கற்றது. எனினும் அவருடைய இசையையே அது மாற்றிவிட்டது.

நால்வர் இசையின் முதல் பகுதியில் ராகவர்த்தனம், சந்திரகலா, லட்சுமீசம் என்னும் மூன்று தாளங்களை இணைத்து 17 கால அளவுகள் கொண்ட ஒரு வரிசையைப் பியானோவுக்கு அமைத்தார். அதே பியானோவில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசையிலோ 29 உள்ளன. பதினேழும் இருபத்தொன்பதும் பகா எண்கள். எனவே இரண்டு வரிசைகளும் ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்கு மீண்டும் வரவேண்டுமானால் 493 சுரக்கூட்டுகள் கடந்தாக வேண்டும். அதற்கு வெகு முன்பே அந்தப் பகுதி முடிந்துவிடுகின்றது. முடிவில்லாத ஒன்றின் சிறு துண்டை மட்டும் நாம் கேட்கின்றோம். அதன்மேல் கிளாரினெட்டும் வயலினும் விடியற்காலைப் பறவைகளைப் போல் பாடுகின்றன.

இதில் என்ன பொருள் இருக்கின்றது? இடம், வலம், இடம், வலம் என்று இரண்டு இரண்டாக எண்ணுவது படைநடை. மூன்றும் நான்குமாக ஏழு எண்ணும் நமது மிசிர சாபுவுக்கு யாராவது அணிவகுத்து நடக்க முடியுமா? படைநடை இசையில் உண்மையான லயமே இல்லை என்று மெஸ்ஸியான் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினார். முகாமில் எழுவதும், வரிசையில் நிற்பதும், கஞ்சி வாங்குவதும் காவலர் எண்ணும் எண்ணிக்கைப்படியே. அந்த எண்ணிக்கைக்குள் அடங்காத ஒரு காலத்தை, பழைய இந்தியத் தாளங்களின் துணையோடு, அந்தக் கைதி படைத்தார்.

இனிக் காலம் இல்லை

‘காலத்தின் முடிவு’ என்னும் தலைப்பு திருவெளிப்பாடு நூலின் 10ஆம் அதிகாரத்திலிருந்து வருகின்றது. தலைக்குமேல் வானவில்லுடன், ஒரு காலைக் கடலிலும் மறுகாலை நிலத்திலும் ஊன்றி நிற்கும் வானதூதர், இனிக் காலம் இல்லை என்று ஆணையிட்டுச் சொல்கின்றார். இப்படைப்பில் எட்டுப் பகுதிகள் உள்ளன. படைப்பின் ஆறு நாள்கள், ஓய்வின் ஏழாம் நாள், அதனைக் கடந்த நிலைவாழ்வின் எட்டாம் நாள் என்று மெஸ்ஸியான் அதற்கு விளக்கம் தந்தார்.

மூன்றாம் பகுதியில் கிளாரினெட் தனியாக வாசிக்கின்றது. ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பால் தமிழர் செவிக்கு நன்கு பழகிய அதே கருவிதான். ஏறக்குறைய ஒலியே இல்லாத நிலையிலிருந்து ஒரே சுரம் மெல்ல மெல்லப் பெருகுவதை அங்கே கேட்கலாம். ஆறாம் பகுதியில் ஏழு எக்காளங்களின் சினத்தை நால்வரும் ஒரே குரலாக வாசிக்கின்றனர். ஐந்தாம் பகுதியும் எட்டாம் பகுதியும் இயேசுவைப் புகழ்பவை. முன்னதில் செல்லோவும் பின்னதில் வயலினும் பியானோவின் துணையுடன் மிக மிக மெதுவாகப் பாடுகின்றன. முதன்முறை கேட்பவர்கள் பொறுமை இழக்கக்கூடும். மெதுவாகச் செல்வதே அவற்றின் செய்தி என்று அறிந்தால் பொறுமை வரும்.

கதவைத் தட்டிய மனிதர்

1941இன் தொடக்கத்திலேயே மெஸ்ஸியானும் பஸ்கியேயும் விடுதலை பெற்றனர். அதற்கான ஆவணங்களைப் போலியாகத் தயாரிப்பதில் உதவியவர் அதே காவலர் ப்ருல். அக்கோக்கா யூதர் என்பதால் புறப்படும் நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். அவர் அதே ஆண்டில் தம் கிளாரினெட்டுடன் இரயில் ஏறித் தப்பினார். அவருடைய தந்தையோ அவுஷ்விட்சில் உயிரிழந்தார். லெ புலேர் பின்னர் வயலினை விட்டு நடிகரானார்.

போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து ப்ருல் பாரீசுக்கு வந்து மெஸ்ஸியானின் வீட்டு வாயிலில் நின்றார். சந்திக்க இயலாது என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் மெஸ்ஸியான் அவருக்குச் செய்தி அனுப்ப முயன்றபோது, அவர் விபத்தொன்றில் இறந்துவிட்டிருந்தார்.

நிலைவாழ்வைப் பற்றி இத்துணை ஆழமாக இசை எழுதிய ஒருவரின் வாழ்வில், ஒரு சாதாரண நாளின் சந்திப்பு கைநழுவிப் போயிற்று. இது அவரைக் குறைகூறுவதற்காக அன்று. நம்மை நாமே பார்த்துக்கொள்வதற்காக. வானதூதரின் அந்தச் சொல்லை இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவும் இனித் தாமதம் இராது என்னும் பொருளில் தருகின்றன. இரண்டு பொருளும் நமக்குத் தேவை. ஒன்று ஆறுதல், மற்றொன்று எச்சரிக்கை. கொடியவர் எண்ணும் காலம் முடிவுக்கு வரும் என்பது ஆறுதல். நன்றி சொல்லவும் மன்னிக்கவும் நமக்குத் தரப்பட்ட காலமும் முடிவுக்கு வரும் என்பது எச்சரிக்கை.

அந்த முகாம் இருந்த இடம் இன்று போலந்து நாட்டின் ஸ்கோர்செலெட்ஸ் நகரில் உள்ளது. முதல் கச்சேரி நடந்த சனவரி 15ஆம் நாளில் அங்கே இந்த இசையை வாசித்து நினைவுகூர்கின்றனர். ஒருகாலத்தில் பகைவர்களாய் நின்ற நாடுகளின் மக்கள் சேர்ந்து அமர்ந்து கேட்கின்றனர்.

போர்க்கால இசைக் கச்சேரி ஒன்றுக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால் தயங்க வேண்டாம். மேற்கத்திய இசை தெரியாதே என்ற அச்சமும் வேண்டாம். அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் பலருக்கும் அது தெரியாது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கேட்கின்றார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும். பிறகு வீட்டுக்குத் திரும்பி, நம் வாயிலில் நின்று நெடுநாளாகத் தட்டிக்கொண்டிருப்பவர் யார் என்றும் கேட்டுப் பார்ப்போம்.